அமாவாசைக்கு ஓய்வெடுத்த எஞ்சின்

என் காசுமாலையும் இரட்டைவடச் சங்கிலியும் கைக்காப்புகளும் சேர்ந்து ஒருநாள் ஆயில் எஞ்சினாக மாறின. அதில் எனக்கு வருத்தம் இல்லை. கழற்றிக் கொடுத்தது நான்தான், யாரும் பிடுங்கவில்லை. எஞ்சினாக மாறிய பிறகும் அவை சும்மா கிடந்தன பாருங்கள், அதைத்தான் இன்றைக்கு நினைத்தாலும் பொறுக்க முடியவில்லை.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். என் வீட்டுக்காரரின் தாத்தா காலத்தில் திருவனந்தபுரம் வந்து ஆரியசாலையில் ஒரு சந்துக்குள் செக்குப் போட்டார்கள். முன்னால் எண்ணெய்க் கடை, நடுவில் வீடு, பின்னால் இரண்டு மரச்செக்கும் நாலு மாடுகளும். நான் கல்யாணமாகி வந்தபோது மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஆகவே மாமியார் கொடுமை எனக்குக் கிடையாது. அந்த இடத்தை மாடுகள் நிரப்பிவிட்டன. விடியுமுன் எழுந்து அவற்றுக்குத் தவிடு கரைக்க வேண்டும், சாணி அள்ள வேண்டும், ஒன்று கால் நொண்டினால் வீடே துக்கம் கொண்டாட வேண்டும். வேலை செய்தாலும் தின்னும், செய்யாவிட்டாலும் தின்னும். எனக்குச் சோறு இருக்கிறதா என்று கேட்காத மனிதர் பருத்திக்கொட்டை ஊறிவிட்டதா என்று கேட்பார்.

ஒருமுறை அவர் சரக்கு விஷயமாக ஆலப்புழைக்குப் போய்த் திரும்பினார். அங்கே எஞ்சின் வைத்து இரும்புச் செக்கில் கொப்பரை ஆட்டுகிறார்களாம். பெல்ட் சுற்றுகிறதாம், எண்ணெய் வாய்க்கால் மாதிரி ஓடுகிறதாம். ஒரு மாதம் இதே பேச்சு. சாப்பிடும்போது எஞ்சின், படுக்கும்போது எஞ்சின். ஆனால் வாங்க முதல் வேண்டுமே என்று கடைசியில் ஒரு பெருமூச்சு.

அந்தச் சமயத்தில் பேப்பரிலும் அதே பல்லவிதான். சமஸ்தானத்தில் தொழில் பெருக வேண்டும், முதல் போட ஆளில்லை, முதல் இல்லாமல் நாடு எப்படி முன்னேறும் என்று மீட்டிங் போட்டுப் பேசுவார்கள். என் வீட்டுக்காரர் கடையில் உட்கார்ந்து அதை உரக்கப் படிப்பார், நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டே கேட்பேன். எனக்குச் சிரிப்புத்தான் வரும். முதல் இல்லையாம்! எங்கள் சந்தில் எந்த வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்தாலும் பொன் கிடக்கும். கல்யாணத்துக்குக் கல்யாணம் வெளியே வந்து காற்று வாங்கிவிட்டு மறுபடி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும் பொன். அது தவிடு கேட்காது, சரிதான். ஆனால் ஒரு சொட்டு எண்ணெயும் தராது.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். “என் நகையை வித்து எஞ்சினை வாங்குங்க.”

அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. “ஏட்டி, என்ன சொல்லுத? உங்க அம்மை போட்டு அனுப்புனதுல்லா அது?”

“ஆமா. நான் ஒண்ணும் தானம் குடுக்கல. என் தம்பி கல்யாணத்துக்குள்ள திருப்பிச் செஞ்சு போட்டிரணும்.”

அதுதான் ஒப்பந்தம். தம்பி என்றால் எனக்கு ஒரே தம்பி. மாமா மகளை அவனுக்குப் பேசி முடித்திருந்தது, அவன் திருநெல்வேலியில் கடையில் நிலைத்து நிற்கட்டும் என்று நாளைத் தள்ளி வைத்திருந்தார்கள். அடுத்த வருஷம் போய் அதற்கடுத்த தையில் கல்யாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டால் மூன்றாம் முடிச்சு நாத்தனாருடையது. ஒரே அக்கா நான். ஊரே பார்க்க மணவறையில் குனிந்து நிற்க வேண்டும், அந்த நேரம் எல்லாக் கண்ணும் கழுத்தில்தான் இருக்கும். மொட்டைக் கழுத்தோடு நிற்கிறவளுக்கு எங்கள் ஊரில் இரண்டே அர்த்தம் உண்டு: புருஷன் குடித்து அழித்தான், இல்லையென்றால் சூதாடித் தொலைத்தான்.

“தம்பி கல்யாணத்துக்குள்ள என்ன, அதுக்கு முந்தியே போட்டிருதேன்” என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அதுதான் இன்னும் மோசம். பொய்யனாக இருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டு மனம் ஆறியிருப்பேன்.

நகையை விற்றோம், மாடுகளை விற்றோம், எஞ்சின் வந்தது. ரயிலடியிலிருந்து மாட்டு வண்டியில் ஏற்றிச் சாலைத் தெரு வழியாக அது வந்தபோது கடைக்காரர்கள் எல்லோரும் இறங்கி நின்று பார்த்தார்கள். ஒரு மலையாளத்துக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து “கொள்ளாமல்லோ!” என்று மெச்சினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. ஓட்டுவதற்கு நாகர்கோவிலிலிருந்து ஒரு டிரைவர் வந்தார். வேதக்காரர், நல்ல மனுஷர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்குப் போய்விடுவார், வர மாட்டார். ஒரு மரச்செக்கைப் பிடுங்கி அந்த இடத்தில் எஞ்சினையும் இரும்புச் செக்கையும் நிறுத்தினார்கள். இன்னொரு மரச்செக்கைப் பிடுங்க என் வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அப்பா போட்டதாம். கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அந்த இடத்தில் நான் விழித்திருக்க வேண்டும்.

சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, டிரைவர் கைப்பிடியைப் போட்டுத் திருப்பினதும் டுக்கு டுக்கு என்று அது ஓடிய ஓட்டத்தில் வீட்டுச் சுவரெல்லாம் அதிர்ந்தது. நாலு மாடு சாயங்காலம் வரைக்கும் சுற்றிச் சுற்றி ஆட்டுகிற கொப்பரையை அது உச்சிப்பொழுதுக்குள் ஆட்டி முடித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இந்த ஓட்டம் ஓடினால் ஒரு வருஷத்தில் காசுமாலை என்ன, ஒட்டியாணமே செய்யலாம் என்று கணக்குப் போட்டேன்.

உச்சிப்பொழுது ஆனதும் இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டிரைவரிடம், “போதும், நிறுத்தும்” என்றார்.

எஞ்சின் நின்றது. கொப்பரை தீர்ந்துவிட்டது போல என்று நினைத்தேன். மறுநாளும் அதே நேரத்தில் நின்றது. அதற்கு மறுநாளும். போய்க் கேட்டேன்.

“அதுக்கும் ஒரு மூச்சு வேண்டாமா? காலைலேருந்து ஓடுதுல்லா” என்றார்.

“இரும்புக்கு என்னங்க மூச்சு? நுரையா தள்ளுது அதுக்கு?”

“வாய் இல்லாததுன்னா நாமதான் பாத்து விடணும்.”

சொல்லிவிட்டு அதன் பெரிய சக்கரத்தை இரண்டு தட்டுத் தட்டினார். மாட்டின் முதுகில் தட்டுவாரே, அதே தட்டு. அப்போதுதான் எனக்கு விளங்கியது, இந்த மனிதர் எஞ்சின் வாங்கவில்லை, நாலு மாட்டைக் கொடுத்து ஒரு இரும்பு மாடு வாங்கியிருக்கிறார் என்று.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. உச்சிவெயிலில் மாட்டை அவிழ்த்து விடுவது வழக்கம், ஆகவே எஞ்சினும் உச்சிவெயிலில் நிற்கும். விளக்கு வைத்த பிறகு செக்குச் சுற்றக்கூடாது, ஆகவே எஞ்சினும் சுற்றாது. அமாவாசையன்று மாட்டைப் பூட்டினால் பாவம், ஆகவே அமாவாசைக்கு எஞ்சினுக்கும் விடுமுறை. அன்றைக்கு அதைத் துடைத்து, மஞ்சள் பூசி, சக்கரத்தில் வேப்பிலை செருகி விடுவார். கண்ணேறு படாமல் இருக்க ஒரு கறுப்புக் கயிறு வேறு. ஞாயிறு டிரைவருடைய சாமிக்குப் போயிற்று, அமாவாசை இவருடைய மாட்டுக்குப் போயிற்று. மிச்ச நாளில் பாதி, மூச்சுக்குப் போயிற்று. மலையாளப் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் என் பிள்ளைகள், “அம்மே, எஞ்சின் உறங்குகயாணோ?” என்று கேட்கும். ஆமாம் மக்களே, உறங்குகிறது, உங்கள் அம்மாவின் நகை உறங்குகிறது என்று சொல்லத் தோன்றும்.

டிரைவரிடம் கேட்டுப் பார்த்தேன். “சூடு தணிக்கத் தண்ணி சுத்துத வரைக்கும் அது எம்புட்டு நேரமும் ஓடும், அக்கா. ஒண்ணும் ஆவாது” என்றார்.

“நீங்க அவுககிட்டச் சொல்லலாம்லா?”

“சொன்னேன். எனக்கும் கூட ஓய்வு வேணும்னாவ. முதலாளி ஓய்வு எடுன்னு சொல்லும்போது வேண்டாம்னு நான் எப்படிக்கா சொல்ல?”

நியாயமான பதில்தான். நியாயமான பதில்களால் என் தலைவலி கூடியதே தவிரக் குறையவில்லை.

இதிலும் பெரிய கூத்து கொப்பரை. நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து ஒரு வியாபாரி வண்டியில் கொப்பரை கொண்டுவந்து இறக்குவார். மாமனார் காலத்திலிருந்து இத்தனை மூட்டை என்று ஒரு அளவு. நாலு மாடு ஆட்டக் கூடிய அளவு. எஞ்சின் வந்த பிறகும் அதே மூட்டைகள்தான். கூட இறக்கச் சொல்லுங்கள் என்றால், “பழக்கம் அதுதானே” என்பார். ஆனை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசித்தானாம். எஞ்சின் வாங்கக் கழுத்தைக் காலி செய்யலாம், அதற்குத் தீனியாக இரண்டு மூட்டை கூட வாங்கக் கை வராது. மாட்டுக்குத் தவிடு குறைந்தால் துடித்துப்போகிற மனிதர், எஞ்சினுக்குக் கொப்பரைதான் தவிடு என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

ஒரு வருஷம் முடிந்தபோது பார்த்தால், மாட்டுத்தீனி மிச்சம். அந்த மிச்சம் டிரைவர் சம்பளத்துக்கும் எஞ்சின் குடிக்கிற எண்ணெய்க்கும் போயிற்று. கையில் நின்றது மாடு இருந்த காலத்தில் நின்றதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்தக் கொஞ்சத்தில் காசுமாலையின் ஒரு காசு கூடச் செய்ய முடியாது. நான் சண்டை போட்டேன். பேசாமல் இருந்து பார்த்தேன். மறுபடி சண்டை போட்டேன். அவர் கோபப்படவே மாட்டார். கோட்டைக்குள் இருக்கும் கோயில் பக்கம் கையைக் காட்டி, “பத்மநாபசாமியே படுத்துக்கிட்டுத்தானட்டி ராஜ்யம் ஆளுதாரு” என்பார். பெருமாளை இழுத்து நடுவில் போட்டுவிட்டால் பெண்டாட்டி என்ன பேச முடியும்? பெருமாளுக்கு மூன்றாம் முடிச்சுப் போட வேண்டிய தம்பி கல்யாணம் இல்லை என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் வைகாசியில், மழை தொடங்குமுன், நான் ஒரு காரியம் செய்தேன். இவர் கடையில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் நின்றபடி கொப்பரை வியாபாரியிடம், இனிமேல் இரண்டு மடங்கு இறக்குங்கள் என்றேன். அவர் தயங்கினார். “அம்மா, முதலாளி அறிஞ்ஞோ?” முதலாளிக்குத் தெரியுமா என்று கேட்கிறார். முதலாளியம்மாவுக்குத் தெரியும், போதும் என்றேன். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

எங்கே வைப்பது? தொழுவம்தான். மாடுகள் போய் ஒரு வருஷமாகியும் இவர் அந்தத் தொழுவத்தைக் கூட்டி, வைக்கோல் பரப்பிச் சுத்தமாக வைத்திருந்தார். ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. காய்ந்த தரை, ஓட்டுக் கூரை, ஒழுகாது. மூட்டைகளை அடுக்கி மேலே பாயைப் போட்டு மூடிவிட்டேன். அவர் பார்த்தார். “என்னட்டி இது?” என்றார். “மழைக்கு முந்தி மலிவாக் கிடைச்சுது” என்றேன். மலிவு என்ற சொல்லுக்கு அவர் எப்போதும் கட்டுப்படுவார்.

ஆடி வந்தது. திருவனந்தபுரத்து மழை தெரியுமல்லவா, ஆடி மாதத்தில் கொப்பரை எங்கே காயும்? சந்தையில் காய்ந்த கொப்பரைக்குத் திண்டாட்டம், எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போயிற்று. ஆடி அமாவாசை. இவர் விடியுமுன் திருவல்லத்துக்கு ஆற்றில் முங்கித் தகப்பனாருக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போய்விட்டார். அன்றைக்கு அங்கே கூட்டம் அலைமோதும், சாயங்காலத்துக்கு முன் திரும்ப முடியாது. டிரைவர் வந்து வழக்கம்போலத் துடைக்கிற துணியை எடுத்தார்.

“துணியை வச்சிருங்க. ஓட்டுங்க” என்றேன்.

“அக்கா, அண்ணாச்சி வந்தா...”

“அண்ணாச்சிகிட்ட நான் பேசிக்கிடுதேன். உங்களுக்கு அமாவாசை உண்டா?”

“எனக்கேது அமாவாசை!” என்று சிரித்துக் கைப்பிடியைத் திருப்பினார்.

காலை முழுதும் ஓடியது. உச்சியில் நிற்கவில்லை. பிற்பகலும் ஓடியது. கூலிக்கு இரண்டு ஆளைப் பிடித்துக் கொப்பரை வெட்டிப் போட வைத்தேன். எண்ணெய் ஊற்றிவைக்கும் தொட்டி நிறைந்து, டின்கள் நிறைந்து, வீட்டு அண்டா நிறைந்து, வெந்நீர்த் தவலை நிறைந்து, கடைசியில் இட்லிப் பானையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புடவையெல்லாம் எண்ணெய். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் தம்பி பிறந்தபோதுகூட இருந்திருக்காது. ஓடுகிறது, என் சங்கிலி ஓடுகிறது, என் காப்பு ஓடுகிறது என்று வாய்விட்டே சொன்னேன். கூலியாட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் இவர் சந்து முனையிலேயே சத்தத்தைக் கேட்டிருக்கிறார். நெற்றியில் ஈரம் காயாத விபூதியோடு ஓட்டமாக வந்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று இடுப்பில் முந்தானையைச் செருகித் தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக எஞ்சினிடம் போய் அதன் மேல் புறங்கையை வைத்தார்.

“ஐயோ, தீயாக் கொதிக்கே!” என்றார். காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற குரல். “நிறுத்துமய்யா, நிறுத்தும்!”

நிறுத்தினார்கள். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அது ஆறுகிற வரைக்கும் விசிறாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் அது ஒரு குறையும் இல்லாமல் கிளம்பியபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் என் பிரசவங்களின்போது பார்த்ததில்லை.

ஆனால் எண்ணெய் நல்ல விலைக்குப் போயிற்று. வேறு யாரிடமும் சரக்கு இல்லை. கடைக்காரர்கள் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு இவரும் கொஞ்சம் இறங்கி வந்தார். உச்சியில் நிறுத்துவதை விட்டார். கொப்பரையும் கூட இறக்கச் சொன்னார். “அமாவாசை மட்டும் வேண்டாம், கேட்டியா?” என்றார். சரி, அமாவாசையைப் பெருமாளுக்கு விட்டுக்கொடுத்தேன். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று இரும்புப் பெட்டியில் பணம் சேர்ந்தது. ராத்திரி அவர் பெட்டியைப் பூட்டும்போது கேட்கிற ‘டக்’ சத்தத்தில் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. சாவி எப்போதும் அவர் அரைஞாண் கயிற்றில். காசுமாலை இப்போது வேண்டாம், சங்கிலியும் காப்பும் மட்டும் கல்யாணத்துக்குள் போதும், மிச்சத்தில் இன்னொரு இரும்புச் செக்குப் போட்டுவிட வேண்டும் என்று நானே திட்டம் போட்டுவைத்தேன். எஞ்சினுக்கு இரண்டு செக்கை இழுக்கிற வலு உண்டு என்று டிரைவர் சொல்லியிருந்தார்.

மார்கழிக் கடைசி. தம்பி கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்துவிட்டது. ஒருநாள் காலையில் இவர் பெட்டியைத் திறந்து, பணத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, “ஒரு காரியமாப் போறேன். உனக்குத் திருப்தியா இருக்கும்” என்றார். முகத்தில் ஒரே சிரிப்பு. நானும் ஒன்றும் கேட்கவில்லை. சாலைத் தெருவில் நகை செய்யும் ஆசாரி கடைக்குத்தான் போகிறார், கேட்டால் அந்தச் சந்தோஷம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு வரவில்லை. மறுநாள் சாயங்காலம் வாசலில் மணிச்சத்தம் கேட்டது. கழுத்துமணி.

தெற்கே மாட்டுச் சந்தைக்குப் போய் ஒரு ஜோடி காளை பிடித்து வந்திருந்தார்.

அவர் கொம்பைக் காட்டினார், திமிலைக் காட்டினார், பல்லைப் பிடித்துக் காட்டினார். பிறகு விளக்கம் சொன்னார். “நீதானட்டி சொல்லிக்கிட்டே இருந்த, ஒருநாளும் செக்கு சும்மா நிக்கக் கூடாதுன்னு? ஞாயித்துக்கிழமை டிரைவர் வராத அன்னைக்கு அப்பா செக்குல இதுகளைப் பூட்டி ஆட்டலாம்லா? எஞ்சினுக்கும் ஒரு தொணை. பின்னே, பொங்கலும் வருது. மாடு இல்லாத வீட்டுல என்ன மாட்டுப் பொங்கல்?”

பழைய குருடி, கதவைத் திறடி. கூட்டித் துடைத்து வைக்கோல் பரப்பி வைத்திருந்த தொழுவத்துக்கு இப்போது அர்த்தம் விளங்கிற்று.

“அப்போ அமாவாசை?” என்று கேட்டேன். “அமாவாசைக்கு இந்த மாட்டைப் பூட்டுவியளா?”

அவர் பதறிவிட்டார். “அமாவாசைக்கு எப்படிட்டி மாட்டைப் பூட்ட?”

“என் நகை?”

“அது எங்க போவுது? அடுத்த வருஷம் போட்டிருவோம். எஞ்சின்தான் ஓடுதே.”

அந்த ராத்திரி நான் சமைக்கவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை, பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டு மாட்டுக்குத் தவிடு வைத்தார். நல்ல மனுஷனோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா தெரியவில்லை. சேர்ந்த முதலில் ஒரு செக்குக் கூட வரவில்லை, ஒரு காப்புக் கூட வரவில்லை. முதலும் தீர்ந்தது, தின்பதற்கு இரண்டு வாயும் வந்தது.

கல்யாணத்துக்குப் போனேன். மஞ்சள் கயிற்றில் தாலி, காதில் தோடு, அவ்வளவுதான். அம்மா வாசலிலேயே என்னைப் பார்த்தாள். உள்ளே கூட்டிப்போய்த் தன் சங்கிலியைக் கழற்றினாள். “போட்டுக்கோ. மூணு நாளைக்குத்தானே.”

“வேண்டாம்மா.”

“ஊர் என்ன சொல்லும்?”

“என்னமும் சொல்லட்டும். என் நகை ஒண்ணும் தொலைஞ்சு போகல. திருவந்தரத்துல வேலை பாக்குது.”

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். பிறகு கிணற்றடிக்குப் போய், முகம் கழுவுகிற சாக்கில் அழுதேன். ஞாயிறு பார்க்காத, அமாவாசை பார்க்காத ஒரு வேலையை அது பார்த்திருந்தால் அழுதிருக்க மாட்டேன். மணவறையில் மூன்றாம் முடிச்சுப் போடக் குனிந்தேன். மாமா மகளின் கழுத்தில் பொன் அடுக்கடுக்காகக் கிடந்தது, கயிற்றை முடிய விரல் நுழைக்கவே இடமில்லை. பின்னால் பெண்கள் குசுகுசுத்தது காதில் விழுந்தது. முடிச்சு ஒருமுறை நழுவிவிட்டது. வெட்கமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது.

பந்தலில் இவர் ஆண்களைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு எஞ்சின் புராணம் படித்துக்கொண்டிருந்தார். கையாலேயே சக்கரம் சுற்றிக் காட்டினார். எல்லோரும் வாய் பிளந்து கேட்டார்கள். என் தம்பிதான் அதிகம் வாய் பிளந்தான். மறுநாள் காலையில் அவன் என்னிடம் வந்து, நெல் குத்துகிற மிஷின் ஒன்று போடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னான். முதல்? அவன் புதுப்பெண் இருக்கிற அறைப் பக்கம் பார்த்தான். “அத்தான் அப்படித்தானக்கா பண்ணாவ?”

அன்று சாயங்காலம் நாங்கள் புறப்படுகிறபோது அந்தப் பெண்ணே என்னைத் தனியாகப் பிடித்தாள். பதினேழு வயது இருக்கும். என் கழுத்தைப் பார்த்தாள், தன் கழுத்தைத் தடவிக்கொண்டாள். “மதினி, அவுக மிஷினுக்குக் கேக்காவ. குடுக்கட்டுமா?”

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அந்தப் பொன் என்ன ஆகும்? பெட்டிக்குள் போய்ப் படுக்கும். அவள் மகள் கல்யாணத்துக்கு எழுந்து, மறுபடி படுக்கும். ஊரில் பெண்கள் உரலும் உலக்கையுமாகக் கை காய்த்துக் கிடப்பார்கள். பேப்பரில் முதல் இல்லை, முதல் இல்லை என்று எழுதிக்கொண்டே இருப்பார்கள். கொடு என்று சொன்னாலோ, இன்னும் இரண்டு வருஷத்தில் இவளும் எங்கேயாவது ஒரு கிணற்றடியில் நிற்பாள்.

“குடு” என்றேன். “ஆனா குடுக்கும்போதே பெட்டிச் சாவியை வாங்கிக்கோ. மிஷின் சம்பாதிக்கிறது உன் கையைத் தாண்டித்தான் செலவாகணும். சாவி இல்லன்னா நகை இல்லன்னு சொல்லிரு.”

அவள் தலையை ஆட்டினாள். பிறகு கள்ளங்கபடம் இல்லாமல் கேட்டாள். “உங்க வீட்டுல சாவி உங்ககிட்டயா இருக்கு, மதினி?”

வண்டி வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். நான் ஏறிக்கொண்டேன்.

பஸ்ஸில் வழியெல்லாம் அவள் கேட்டதுதான் காதில் நின்றது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்நேரம் காளைக்குத் தண்ணீர் காட்டியிருப்பார்களா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். நாகர்கோவில் தாண்டினதும் நான் அவர் முன்னால் கையை நீட்டினேன்.

“என்னட்டி?”

“பெட்டிச் சாவி. இனிமே அது எங்கிட்ட இருக்கட்டும். வரவு செலவு நான் பாக்கேன்.”

ஒரு பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் கேட்டேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று திருநெல்வேலியிலிருந்தே வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அவர் வேட்டியை விலக்கி, அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து, என் உள்ளங்கையில் வைத்துவிட்டார். வைத்துவிட்டு அப்பாடா என்று இடுப்பைத் தடவிக்கொண்டார்.

“இவ்வளவுதானா? கெடந்து குத்திக்கிட்டே இருக்கும். நீ ஒருநாளும் கேக்கலியேட்டி” என்றார்.

பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அதனால் அவர் அன்றைக்குப் பிழைத்தார்.